இரண்டு பக்கமும் சாமி இருந்த படம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அடிமுட்டாள். பத்து வயதில், எங்கள் ஊர்க் கவுன்சிலர் தேர்தலே என் தொண்டையை நம்பித்தான் நடக்கிறது என்று நினைத்தவன். தொண்டை கட்டிக்கொண்டால் ஓட்டுப்பதிவைத் தள்ளி வைப்பார்கள், வேலூரிலிருந்து டாக்டர் ஜீப் பிடித்து ஓடி வருவார் என்றெல்லாம் கணக்குப் போட்டுவைத்திருந்தேன். ஒரு முட்டாளைக் காலம் என்ன செய்யும்? அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிடும். நாற்பது வருஷமாக ஆம்பூரில் மைக் செட் போடுகிறேன். சபையில் கன்வென்ஷன், அம்மன் கோவிலில் கூழ் வார்ப்பு, தர்காவில் சந்தனக்கூடு, மைதானத்தில் கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர்தான். எந்தச் சாமிக்குப் போட்டாலும் மழை பெய்தால் கரண்ட் போகிறது. மத நல்லிணக்கம் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

என் வயசுக்காரர்களே, முட்டிக்குத் தைலம் தேய்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் தொங்கியிருக்கலாம். தொங்கவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன். நாமெல்லாம் இல்லை என்று சொல்லிப் பழகிய ஆட்கள்.

நாங்கள் பாலாற்றங்கரையில் ஒரு லைனில் இருந்தோம். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட ஓட்டு வீடுகள். அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தார். ஷாப்பு என்றால் கடை இல்லை, தோல் பதனிடும் இடம். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் கழிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெளியே இழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் பாதத்தைத் தொட்டால் காய்ந்த தேங்காய் மட்டையைத் தொட்ட மாதிரி இருக்கும். சாயங்காலம் அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். வெளியூர் சொந்தக்காரர்கள் மூக்கில் துணியை வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கோ, அந்த வாசனை வராத சாயங்காலம்தான் பயம். அன்று வேலை இல்லை என்று அர்த்தம்.

தாத்தா காலத்திலேயே லைன் மொத்தமும் வேதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் காகிதத்தில் வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிறிஸ்தவன் என்று எழுதினால், சர்க்கார் பட்டியலில் எங்கள் சாதிக்கு இருக்கும் இடம் போய்விடும். படிப்புக்கும் வேலைக்கும் இருக்கும் ஒதுக்கீடும் கூடவே போய்விடும். மதம் மாறினால் பட்டியல் மாறும். தெரு மட்டும் மாறாது. தேநீர்க் கடையில் எங்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்த கிளாஸும் மாறாது. அதனால் லைனில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, மற்ற ஆறு நாளுக்கு ஒன்று. பேச்சு வரும்போதே, யார் கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது என்பதும் சேர்ந்து வந்துவிடும். கையில் பையும் காகிதமும் வைத்திருப்பவர் கேட்டால் ஆறு நாள் பெயர். கையில் கறுப்புப் புத்தகம் வைத்திருப்பவர் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பெயர். இரண்டு கையும் வெறுமனே இருந்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

படத்தைச் செய்தவர் அப்பா. சபையில் கொடுத்த காலண்டரிலிருந்து ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த இயேசுவை வெட்டி எடுத்தார். அரிசி மண்டிக் காலண்டரிலிருந்து தாமரையில் நிற்கும் லட்சுமியை வெட்டி எடுத்தார். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, சுற்றிலும் மெல்லிய ஆட்டுத்தோலில் பட்டை தைத்தார். மேலே தோல் பைகளுக்கு வைக்கிற சுழலும் கொக்கி ஒன்று. ஆணியிலிருந்து கழற்றவே வேண்டாம். கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் மேய்ப்பர் போவார், லட்சுமி வருவாள். ஆடாமல் நின்றுவிடும். அப்படி ஒரு வேலைப்பாடு.

ஷாப்பு முதலாளி சாயபு வீட்டுக் காலண்டரும் வருஷா வருஷம் வரும். அதில் படமே கிடையாது, தேதியும் பிறையும்தான்.

"அவங்க பாடு பரவால்ல பாரு. திருப்புற வேலையே இல்ல," என்பார் அப்பா.

எங்கள் வீட்டில் திருப்புகிற வேலை என்னுடையது. லைனின் முனையில் தண்ணீர்க் குழாய். குழாயடியில் எந்நேரமும் இருப்பவள் ஓர் அத்தை. காக்கிச் சட்டையோ பையோ கண்ணில் பட்டால், "ஏ கறுப்பீ, எங்கடி போய்ட்ட, வாடி ஊட்டுக்கு," என்று ஆட்டைக் கூப்பிடுவாள். அத்தைக்கு ஆடே கிடையாது. அந்தக் குரல் வந்ததும் லைன் முழுக்க ஒரு சலசலப்பு ஓடும். சிலுவைகள் தலையணைக்கடியில் போகும். பைபிள்கள் அரிசிப் பானைக்குள் போகும். நான் மட்டும் விளையாட்டை விட்டு ஓடிவந்து, கட்டைவிரலால் ஒரே தட்டு. அவ்வளவுதான். ஏழு வயதிலிருந்து செய்கிறேன். சர்க்காரையே ஒற்றை விரலில் ஏமாற்றுகிறவன் என்ற மிதப்பில் இருந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் தப்பிக்கத்தான் இத்தனை நேரம் ஆட்டையும் கொக்கியையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். லைனில் அதுவரை போன முதல் ஆள். டீச்சர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை என்று சொன்னால் சரியாக இருக்காது. அவள் அப்போதே டீச்சர்தான், சம்பளம் மட்டும்தான் பாக்கி. ஷாப்பில் கழித்துப் போட்ட கறுப்புத் தோல் துண்டு ஒன்றை வாசல் சுவரில் ஆணியடித்து, சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, லைன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். வெயிலில் தோல் சுருங்கிப் போகும். அதனால் எங்கள் லைன் பிள்ளைகள் எழுதும் எல்லா எழுத்தும் கொஞ்சம் வளைந்தே இருக்கும். என் காதை அவள் திருகுவாள். ஒரு கணக்குக்கு ஒரு திருகு. இடது காது இன்றும் வலதைவிடக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது, பார்த்தால் தெரியும்.

அந்த வருஷம் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். மார்க் எங்கள் ஒதுக்கீட்டுக்குத் தாராளமாகப் போதும். அது இல்லாமல் போதாது. சாதிச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும், அதுவும் நாள் கெடு வைத்து. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., நேரில் வந்து விசாரித்து எழுதவேண்டும். அவர் வரவில்லை. தேர்தல் வேலை என்றார்கள்.

அந்தத் தேர்தலில் எங்கள் வார்டில் நின்றவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். என் அப்பாவும் அண்ணன் என்றார், நானும் அண்ணன் என்றேன். கட்சியில் வட்டச் செயலாளர். வெள்ளைச் சட்டை, பஜாரில் வாங்கிய அத்தர், வாயில் எந்நேரமும் ஏலக்காய். லைனுக்குள் வந்து, குனிந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, பாயில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்தவர் அவர்தான். எங்கள் டம்ளரில் குடித்தார். அம்மா அந்த டம்ளரை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தாள்.

"பொண்ணு சர்ட்டிபிகேட் தான? ஓட்டு எண்ணி முடிஞ்ச மறுநாள் ஆர்.ஐ. உங்க வாசல்ல நிப்பாரு. நான் நிக்க வெக்கிறேன்," என்றார்.

"நெருக்கத்துல கெடு வருதுண்ணே," என்றார் அப்பா.

"நீங்க ஓட்டப் போடுங்க. கெடுவ நான் பாத்துக்கறேன்."

பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்போது பக்கத்து வீட்டுக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன், வாசலில் நின்று, முழுத் தொண்டையில்.

"இன்னா தொண்டைடா இது. வெண்கலம். வர்றியா ஆட்டோல, மைக்ல பேசுறியா?"

அன்றோடு என் படிப்பு முடிந்தது என்று அக்கா சொன்னாள். அது சரிதான்.

ஆட்டோவின் மேல் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், உள்ளே மடியில் மைக்கோடு நான். பள்ளி விட்டதும் வண்டி வந்து நிற்கும். அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் படிப்பேன். எழுதிக் கொடுக்காததையும் சேர்த்துக்கொள்வேன். "பாலாற்றில் பாலே ஓடும்" என்று ஒரு நாள் விட்டேன். தோல் ஷாப்புத் தண்ணீர் ஓடி நுரைத்துக்கொண்டிருந்த ஆறு அது. ஜனங்கள் சிரித்தார்கள். நான் ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இன்னொரு பக்கம் சபையில் கதை வேறுமாதிரி. எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். எதிர்க் கட்சிக்காரர் சபைக் கட்டடத்துக்கு ஓடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஐயரின் பிரசங்கத்தில் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டு ஒரு முகம் இரண்டு முகம் என்று அடிக்கடி வந்தது. அப்பா ஒருநாள் ஆராதனை முடிந்து அவரிடம் போய் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஆர்.ஐ. வந்து கேட்டா, சபை ரிஜிஸ்டரக் காட்டாம இருக்கணும் ஐயரே. பொண்ணு படிப்பு."

"பொய் சொல்லச் சொல்றியா என்ன? கிறிஸ்தவன்னு தைரியமா சொல்லு. ஆண்டவர் வழி விடுவாரு."

அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்லறத் தோட்டத்துல எங்களுக்கு மட்டும் தனி மூலைதான குடுத்திருக்கீங்க. அங்க மட்டும் நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுது. அதையே ஆர்.ஐ.கிட்ட சொல்லுங்க, போதும்."

ஐயர் அங்கியைக் கழற்றப் போய்விட்டார். எனக்கு அன்று அது விளங்கவில்லை. தனி மூலை என்றால் நல்ல இடம் என்று நினைத்தேன். நிழல் மரம் ஒன்று இருந்தது அங்கே.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால். பிரசாரம் முடிந்து என்னை இறக்கிவிட அண்ணனே ஆட்டோவில் வந்திருந்தார். வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் அக்காவும் குழாயடியில். அண்ணன் வாசலில் ஏலக்காய் மென்றுகொண்டு சும்மா கேட்டார்.

"உங்கூட்ல இன்னா சாமிடா கும்பிடுறீங்க?"

யோசித்துப் பாருங்கள். இரண்டு கையும் வெறுமனே இருந்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. நானோ ஒரு தேர்தலையே தொண்டையில் சுமக்கிறவன். இவரோ எங்கள் டம்ளரில் டீ குடித்தவர்.

"உள்ள வாங்கண்ணே, ஒண்ணு காட்றேன்," என்றேன்.

அவரைப் பாயில் உட்கார வைத்தேன். மைக் இல்லை, அதனால் கையைக் குவித்துக்கொண்டேன். "பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது இங்கே யார் நிற்கிறார்? ஆட்டை மேய்க்கும் இயேசு." கட்டைவிரல். "இப்போது யார்? அரிசி மண்டி லட்சுமி."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "இன்னொரு வாட்டி காட்டுடா," என்றார். காட்டினேன். "மறுபடி," என்றார். அப்பா எப்படிக் கொக்கி வைத்தார், அத்தை எப்படி இல்லாத ஆட்டைக் கூப்பிடுவாள், பைபிள் எந்தப் பானைக்குள் போகும், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அத்தை குரலை அப்படியே எடுத்தேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைத்தட்டு அது. கிளம்பும்போது தன் சட்டையில் இருந்த கட்சித் தகர பேட்ஜைக் கழற்றி என் சட்டையில் குத்தினார்.

"கெட்டிக்காரப் பையன்டா நீ. யாராண்டயும் இப்படிக் காட்டாத, இன்னா?"

அதுதான் எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போன இடம். எங்களுக்காகக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

அவர் தோற்றுப்போனார். ரொம்பக் கொஞ்ச ஓட்டில். நான் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன், என் தொண்டை ஒரு மனிதரைக் கைவிட்டுவிட்டதே என்று. லைன்காரர்கள் ஐயர் பேச்சைக் கேட்டு எதிர்ப் பக்கம் குத்திவிட்டார்கள் என்று அண்ணன் பஜாரில் சொன்னாராம். சிலர் குத்தியிருக்கலாம். எங்கள் அப்பா குத்தவில்லை. சாகும்வரை அவர் அதைச் சொன்னார். "நான் அவனுக்குத்தான்டா போட்டேன். டீ குடிச்சானே."

ஓட்டு எண்ணி முடிந்து நான்காம் நாள், காலை பத்து மணி வெயிலில், ஆர்.ஐ. வந்தார். அண்ணன் வார்த்தை தவறவில்லை பாருங்கள், வாசலில் நிற்கத்தான் வைத்தார்.

லைன் முனையில் எங்கள் வீடு எது என்று அவர் அத்தையிடம் கேட்டிருக்கிறார். அத்தை வழி காட்டிவிட்டு, ஆட்டையும் கூப்பிட்டாள். நான் ஓடினேன், தட்டினேன். லட்சுமி ஆடாமல் நின்றாள். அம்மா அவசரத்தில் அக்காவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டது, மூக்கு வரைக்கும் ஒரு கோடு இறங்கியது. அக்கா துடைக்கவில்லை.

ஆர்.ஐ. தன்மையான மனிதர். சத்தமே போடவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரை, "இப்பதாம்மா குடிச்சேன்," என்று வாங்காமல் விட்டார். பாயில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார். குலதெய்வம் எது, பொங்கல் வைப்பீர்களா, காது குத்து எங்கே. அப்பா ஒவ்வொன்றுக்கும் சொன்னார். மாதக்கணக்காகப் பாடம் பண்ணிய பதில்கள். அக்காதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள், கறுப்புத் தோலில் எழுதி.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பேனாவின் மூடியைக் கூடக் கழற்றிவிட்டார். பிறகு, எங்கும் பார்க்காமல், நேராகச் சுவர்ப் பக்கம் போனார். கட்டைவிரலால் ஒரே தட்டு.

மேய்ப்பர் வந்து நின்றார். தோளில் ஆட்டுக்குட்டி.

ஆர்.ஐ. அந்தத் தோல் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "வேல ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க," என்று அப்பாவிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பிறகு என் பக்கம் திரும்பி, சிரித்தபடி, "நீதான் திருப்புவியா தம்பி?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு துளி பெருமை இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை இல்லை. சட்டையில் இருந்த தகர பேட்ஜை.

சான்றிதழ் வந்தது, வேறு பட்டியலில். கிறிஸ்தவர் என்று எழுதி. அந்தப் பட்டியலில் இடம் கிடைக்க அக்காவுக்குப் பதினோரு மார்க் குறைவாக இருந்தது. யாரோ லைன் மேலேயே மொட்டை மனு போட்டிருக்கிறார்கள், எங்கள் வீட்டுப் படத்தைப் பற்றி அதில் தனியாக ஒரு வரி இருந்தது என்று தாலுகா ஆபீஸ் பியூன் அப்பாவிடம் சொன்னார். அடுத்த மாதமே அக்கா ஷூ கம்பெனிக்குப் போய்விட்டாள். மேல் தோல் தைக்கும் செக்‌ஷன். வாசலில் இருந்த கறுப்புத் தோலை அம்மா கழற்றி, கதவு இடுக்கில் காற்று வராமல் அடைத்தாள்.

யார் காட்டிக்கொடுத்தது என்று லைன் கூடிப் பேசியது. ஐயர் என்றார்கள் சிலர். ஐயரை என்ன செய்துவிட முடியும்? கல்யாணம் அவரிடம், கல்லறை அவரிடம். அண்ணன் பெயரை யாரும் எடுக்கவே இல்லை, அவர்தான் டீ குடித்தவராயிற்றே. கடைசியில் குழாயடி அத்தையிடம் வந்து நின்றார்கள். ஆர்.ஐ. அவளிடம்தானே முதலில் பேசினார். வழி காட்டியவள் வேறென்ன காட்டினாளோ. போன மாதம் குடத்துக்கு வரிசை விடாததற்கு என் அம்மாவோடு சண்டை போட்டவள்தானே. போதாதா.

"எம்பொண்ணு மாதிரிடி அவ, நான் ஏன்டி சொல்லப் போறேன்," என்று அத்தை அழுதாள். யாரும் கேட்கவில்லை. அவள் குடத்தை வரிசையிலிருந்து தள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் அவளைப் பார்த்தால், "ஏ கறுப்பீ, வாடி," என்று கத்தினார்கள். என் வெண்கலத் தொண்டைதான் அதில் முன்னால் நின்றது. அவள் குரலை என்னைவிட நன்றாக யாருக்கும் எடுக்க வராது. இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த மகனிடம் போய்விட்டாள். நான் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதும், ஊர் முழுக்கத் திறந்த வாய் அது. அன்று மட்டும் திறக்கவில்லை.

படம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்பா ஆணியிலிருந்து எடுத்தார், அதுவரைதான் பார்த்தேன். கண்ணாடி ஒன்று பிறகு அவர் சவரம் பண்ணும் இடத்தில் இருந்தது. கொக்கியைக் காணோம்.

போன மாதம் ஒரு கூட்டத்துக்கு மைக் செட் போட்டேன். கூம்பு இல்லை இப்போது, ஆள் உயர பாக்ஸ்தான், பையன் லேப்டாப்பில் தட்டுகிறான். நான் மேடையில் வயர் இழுக்கிற உத்தியோகத்துக்கு இறங்கிவிட்டேன். மூத்த பிரமுகர் என்று ஒருவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தோளில் வேறு கட்சித் துண்டு. அதற்கு முன் இன்னொன்றில் இருந்ததாகவும் கேள்வி. ஏலக்காய் வாசனை மட்டும் மாறவில்லை.

சட்டையில் சின்ன மைக்கைக் குத்தினேன். அவர் எனக்கு பேட்ஜ் குத்திய அதே இடம்.

"அண்ணே, ஆத்தங்கர லைன். திருப்புற படம். ஞாபகம் இருக்குதா?"

"எந்தப் படம்பா?"

"ஆர்.ஐ.க்கு மனு போட்டீங்களே."

அவர் நிஜமாகவே யோசித்தார். பாவம், நடிக்கவில்லை. "அந்தக் காலத்துல எத்தினியோ மனு போட்டிருப்பேன்பா. எல்லாம் எங்க ஞாபகம். மைக் வேல செய்யுதா பாரு."

பாருங்கள், எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு இத்தனை வருஷம் துக்கம் அனுசரித்திருக்கிறோம். போட்டவருக்கு அது ஒரு காகிதம். கோபம் பொங்குகிற மனிதராவது கிடைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவரிடம் எதை வைத்துப் போடுவது?

அவர் பேசினார். மதம் மாறிவிட்டுச் சலுகையை மட்டும் மாற்றாமல் வைத்திருப்பவர்களை வீடு வீடாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. நான் என்னால் முடிந்த வீரத்தைக் காட்டினேன். பையனைத் தள்ளிவிட்டு எக்கோவை முழுசாகத் திருகினேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கிணற்றிலிருந்து ஐந்து பேர் பேசுகிற மாதிரி வந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு பையன் வந்து சரி செய்துவிட்டான்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து ரிட்டயராகி வருஷம் ஆகிறது. ஊசி ஏறி ஏறித் தடித்த ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் நேராக நீட்ட வராது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா அந்த வளைந்த விரலால் எண்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சுவரில் கடிகாரம் மட்டும்தான். எந்தச் சாமியும் இல்லை.

பெண் போகும்வரை காத்திருந்தேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், வேடிக்கையாக ஆரம்பித்தேன். ஆட்டோ, பாலாற்றில் பால், கிணற்றுக்குள் ஐந்து பேர். அவள் கொஞ்சம் சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். பாயில் அவரை உட்கார வைத்தது, மூன்று முறை திருப்பிக் காட்டியது, அத்தையைக் கத்தி விரட்டியது. எல்லாம். என் குரல் எங்கோ நடுவில் உடைந்தது. வெண்கலமும் உடையும் போலிருக்கிறது.

அவள் நோட்டை மூடி, பென்சிலை அதன் மேல் வைத்தாள்.

"அந்தப் பேட்ஜப் பாத்தப்பவே உனக்குத் தெரியும்தானக்கா?"

அவள் பென்சில் உருளாமல் அந்த வளைந்த விரலால் பிடித்துக்கொண்டாள்.

"நான் சின்னப் பையன்க்கா அப்ப. பத்து வயசு. இத்தினி வருஷம் ஆய்டிச்சி." காதை அவள் பக்கமாகக் கொஞ்சம் காட்டியேகூட உட்கார்ந்தேன், திருகட்டும் என்று. "இப்ப எம்மேல கோவம் ஒண்ணும் இல்லல்ல?"

"இருக்குது."